கல் நீட்டிய மாலை

சிகாகோ கலைக்கூடத்தின் வெண்கலச் சிங்கங்களைக் கடந்து போகும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விவேகானந்தர்தான். 1893-இல் அவர் முழங்கிய கட்டடம் அது. நானும் அந்த நினைப்போடுதான் படியேறினேன். உள்ளே என்னைக் கட்டிப்போட்டவளோ ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி.

எட்டடி உயர ஓவியம். ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1763-க்கும் 1765-க்கும் இடையில் தீட்டியது. லேடி சாரா பன்பரி பழங்கால ரோமப் பூசாரிணிபோலத் தளர்ந்த அங்கி உடுத்தி, புகையும் முக்காலித் தூபக்காலில் நிவேதனம் ஊற்றுகிறாள். தோழி ஒருத்தி கீழே மண்டியிட்டிருக்கிறாள். மேலே எழில் தேவதைகள் மூவரின் கற்சிலை. அவர்களில் ஒருத்தி குனிந்து சாராவிடம் மலர்வளையம் நீட்டுகிறாள்! கல்லே மயங்கிவிட்டதாம். முகஸ்துதியை இதற்கு மேல் கொண்டுபோக முடியாது.

காலத்து நாகரிக உடையில் வரைந்தால் பெண்ணின் கம்பீரம் கெட்டுவிடும் என்பது ரெனால்ட்ஸின் கட்சி. இளமையில் இத்தாலியில் தங்கிப் பழஞ்சிலைகளைக் கண்ணாரப் பார்த்துப் பழகியவர். பட்டுப் பாவாடை பத்து வருடத்தில் பழசாகும். ரோம அங்கி ஆகாது. நியாயமான கணக்குதான், ஆனால் வண்ணம் அவரை ஏமாற்றியது. தோலுக்கு அவர் பூசிய கார்மைன் சிவப்பு வெளிச்சம் தாங்காதது. அவர் உயிரோடிருந்தபோதே பல முகங்கள் வெளிறிப்போய்க் கேலிக்கு ஆளாயின. சாராவின் கன்னத்திலும் இப்போது ரத்தம் தெரியவில்லை. அருகில் போய்ப் பார்த்தால், மாலை நீட்டும் கல்லுக்குத்தான் உயிர் கூடுதலோ என்று தோன்றுகிறது.

நிஜத்தில் அவள் சிலைபோல் நின்றவளே இல்லை. ரிச்மண்ட் பிரபுவின் மகள். இளம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவள்மேல் மையல் கொண்டு, கடைசியில் ஜெர்மானிய இளவரசியை மணந்தார். 1761-இல் நடந்த அந்தக் கல்யாணத்தில் சாராவே மணப்பெண்ணுக்குத் தோழி. மறுவருடம் சார்ல்ஸ் பன்பரியைக் கைப்பிடித்தாள். அவருக்கோ குதிரைப் பந்தயமே உலகம். 1780-இல் நடந்த முதல் டெர்பியை வென்றது அவருடைய குதிரை. அதற்கு வெகு முன்பே, 1769-இல், சாரா வேறொருவருடன் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். லண்டனே வாய்பிளந்தது. 1776-இல் விவாகரத்து, 1781-இல் மறுமணம், பிறகு எட்டுப் பிள்ளைகள். மூத்தவர்தான் 1843-இல் சிந்துவைப் பிடித்த சார்ல்ஸ் நேப்பியர்.

அவளை அறிந்த எழுத்தாளர் ஹெஸ்டர் திரேல் இந்தப் படத்தை நினைத்துச் சிரித்திருக்கிறார். இவளாவது, எழில் தேவதைகளுக்குப் பூஜை செய்வதாவது! அழகிதான், ஆனால் கிரிக்கெட் ஆடி, பிரைட்டனில் மாட்டுக்கறி தின்றுகொண்டிருந்தவள் என்று குறித்துவைத்தார். மட்டையோடு நிற்கும் அந்தச் சாராவை யாராவது வரைந்திருந்தால், நான் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.