பல் தெரியாமல் பாடுவது

18 ஜூன் 2020, கோலசிலாங்கூர்

மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இன்றோடு மூன்று மாதம். பூட்டிய கோயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. விளக்கேற்றலாம், விழுந்து கும்பிடலாம். கூட்டமாக உட்கார்ந்து பாடுவதற்கு மட்டும் வழியில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் குழுப்பாடகர்கள் 61 பேர் மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் கூடிப் பயிற்சி செய்தார்கள். அவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது, இருவர் இறந்துபோனார்கள். பாடும் வாயிலிருந்து நுண்துளிகள் வெகுதூரம் போகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் தஞ்சோங் காராங்கிலும் தேவார வகுப்பு எடுத்த எல்லாரும் பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொன்ன ஒரே வாக்கியம், “வாயை நல்லாத் திறந்து பாடு.” அந்த வாக்கியமே இப்போது சுகாதாரக் கேடாகிவிட்டது. அதனால்தான் இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வி மேலே வருகிறது: நல்லாத் திறப்பது என்றால் எவ்வளவு? அந்த அளவை யார் வைத்தது?

21 ஜூன்

ஓம் என்ற சொல் உதடு குவிந்து தொடங்கி உதடு மூடி முடிகிறது. எங்கே திறப்பது?

2 ஜூலை

அளவை வைக்க முயன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் குரற்பயிற்சிக் கூடங்களில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செருகிக்கொள்ள ஒரு சிறு துண்டு புழக்கத்தில் இருந்தது. முதலில் எலும்பில் செய்தார்கள், பிறகு நெகிழியில். விழுங்கிவிடாதபடி நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வதுண்டு. கிளிஃபர்ட் டர்னர் 1950-இல் வெளியிட்ட குரற்பயிற்சி நூல் அதைப் பரிந்துரைக்கிறது. அது கிடைக்காதவர்கள் புட்டித் தக்கையைக் கடித்துக்கொண்டார்கள். பாடகருக்கும் நடிகருக்கும் நோக்கம் ஒன்றுதான்: தாடை ஓர் அளவில் திறந்து நிற்கட்டும், உள்ளே நாக்கு தன் வேலையைத் தனியாகச் செய்யப் பழகட்டும். இதை முட்டுக்கட்டை என்று எழுதப்போகிறேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பது என் குற்றமில்லை.

முட்டுக்கட்டையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டி வட்டாரத்தில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று போகிறது. வட்டார நிலையில் தோற்கும் பிள்ளைகள் பலர் பண் தெரியாமல் தோற்பதில்லை, முணுமுணுத்துத் தோற்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது குற்றம் என்று 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் சங்கீத ரத்னாகரத்திலேயே எழுதிவிட்டார். பாடகர் குற்றம் இருபத்தைந்து என்று எண்ணியவர் அதற்குச் சந்தஷ்டம் என்று பெயரும் வைத்தார். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு கோயிலுக்குத் தேர்ந்த ஆசிரியர் வாரம் ஒருமுறை வந்துபோவதே பெரிய காரியம். மற்ற ஆறு நாளும் அவர் இடத்தில் ஒரு சிறு துண்டு இருந்து வாயைத் திறந்து வைத்திருக்குமானால் அதைக் குறை சொல்ல நான் யார்? மலிவு, மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். இன்றைக்கு என் ஓட்டு முட்டுக்கட்டைக்குத்தான்.

3 ஜூலை

சாரங்கதேவரின் பட்டியலை முழுதாகப் படித்திருக்க வேண்டும். பல்லைக் கடிப்பது குற்றம் என்றவர் வாயைப் பிளப்பதையும் குற்றம் என்கிறார். அதற்குப் பெயர் கராளி.

19 ஜூலை

நேற்றுவரை எழுதியதைத் தொல்காப்பியம் கலைத்துவிட்டது. பிறப்பியல் பன்னிரண்டு உயிரையும் வாய் செய்யும் வேலையை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. அகர ஆகாரத்துக்கு வாயைத் திறந்தால் போதும், அதன் பெயர் அங்காத்தல். இ, ஈ, எ, ஏ, ஐ என்ற ஐந்துக்கும் திறப்போடு நாவிளிம்பு பல்லின் அடியைச் சேர வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவிய வேண்டும். ஆக வெறும் திறப்பால் முடிவது பன்னிரண்டில் இரண்டே இரண்டு. முட்டுக்கட்டையைக் கண்டுபிடித்தவர் ஆகாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகாரத்தில் நீட்டி நீட்டிப் பழகும் பாட்டுமுறைக்கு அது பொருந்தலாம். தேவாரத்துக்கு எப்படிப் பொருந்தும்? மகர ஒற்றில் முடியும் சொற்கள் திருமுறை முழுதும் நிறைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உதடு ஒருமுறை மூடியாக வேண்டும். தடித்த கட்டையைக் கடித்துக்கொண்டு மகரம் சொல்லிப் பார்க்கலாம், உதடுகள் ஒன்றையொன்று தேடி நடுவழியில் நின்றுவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கட்டை பயிற்சிக்கு மட்டும்தானே, பாடும்போது எடுத்துவிடலாமே? எடுத்துவிடலாம். ஆனால் விருத்தத்தில் பாடும்போது குறில் நீள்கிறது, நெடில் இன்னும் நீள்கிறது. பேச்சில் கல்லையும் காலையும் பிரிக்கும் மாத்திரை இசையில் கரைந்துபோகிறது. அந்த நேரத்தில் சொல்லைக் காப்பாற்றுவது வாயின் இடமாற்றம் ஒன்றுதான்: எப்போது குவிந்தது, எப்போது மூடியது, எவ்வளவு விரைவாக அடுத்த ஒலிக்குப் போனது. பழக வேண்டியது அசைவு. அசையாமல் வைத்து அசைவைப் பழக்குவது எந்த ஊர் நியாயம்?

22 ஜூலை

ஒன்று முதல் நான்காம் ஆண்டு பிள்ளைகளும் இன்று பள்ளி திரும்பினார்கள். தேவாரம் பாடிய அப்பருக்கு வாகீசர் என்றும் பெயர். இந்த வட்டாரத்தில் அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. வாக்குக்கு அரசர் என்று பொருள்.

1 ஆகஸ்டு

நெரிசலான பொது இடங்களில் முகக்கவரி இன்றுமுதல் கட்டாயம். வாயைப் பார்த்துத் திருத்தும் வேலை இத்தோடு போயிற்று.

9 ஆகஸ்டு

ஜூலை 2-இல் எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். 1979-இல் லிண்ட்புளோம், லப்கர், கே என்ற மூவர் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. சுவீடிஷ் பேசுவோரின் பற்களுக்கு நடுவே கட்டை வைத்துத் தாடையை அசையவிடாமல் செய்து உயிரொலிகளைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு கட்டை 2.5 மில்லிமீட்டர், இன்னொன்று 22.5 மில்லிமீட்டர். இகரம் போன்ற ஒடுங்கிய ஒலிக்கு 22.5 மில்லிமீட்டர் திறப்பு அநியாயம். ஆனாலும் முதல் முயற்சியிலேயே, குரலின் முதல் துடிப்பிலேயே, ஒலி கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது. தாடை செய்யாததை நாக்கு எழும்பிச் செய்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தச் சோதனையை இரு பக்கமும் படிக்கலாம். கட்டைக்காரர் சொல்வார்: பார்த்தீர்களா, நாக்கு தாடையை நம்பாமல் உழைக்கிறது, நாங்கள் கேட்டதும் அதுதானே. சரிதான். ஆனால் எனக்குப் பட்டது வேறு. கட்டை வைத்ததும் வாய் ஒரு நொடியில் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது என்றால், எடுத்த நொடியில் பழைய வழிக்கே திரும்பாது என்று எப்படி நம்புவது? வாய்க்குக் கட்டளை தாடையின் நிலையிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. எந்த ஒலி கேட்க வேண்டும் என்ற ஒரு குறி உள்ளே இருக்கிறது. உறுப்புகள் எந்த வழியிலாவது அதை எட்டுகின்றன. முணுமுணுக்கும் பிள்ளையிடம் அந்தக் குறியே மங்கலாக இருந்தால் தாடையை எவ்வளவு திறந்து வைத்தும் மங்கலைத்தான் அது சரியாக எட்டும்.

(முகக்கவரி மூக்கிலும் வாயிலும் ஒட்டாமல் உள்ளே வைத்துக்கொள்ள நெகிழிச் சட்டம் விற்கிறார்கள். பாடகர்களுக்கென்றே பெரிய கூடு வைத்த கவரியும் வந்திருக்கிறது. வாய்க்கு ஒன்றும் செய்யாமல் வாய்க்கு இடம் மட்டும் விடும் கருவி. எனக்குப் பிடித்திருக்கிறது.)

15 அக்டோபர்

நேற்றிலிருந்து சிலாங்கூரில் மறுபடி கட்டுப்பாடு. பள்ளிகள் மூடல், எல்லாம் மறுபடி இயங்கலையில். எரிச்சலாக இருக்கிறது. சூம் போன்ற செயலிகள் மனிதர் பேசுவதற்கென்று செய்யப்பட்டவை. விடாமல் நீளும் ஒரே ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகின்றன. சுருதிப்பெட்டி இரைச்சல், நீட்டிய ஆகாரம் இரைச்சல். அமைப்புக்குள் போய் மாற்றலாம். மாற்றத் தெரிந்தவர்கள் மாற்றுகிறார்கள். சேர்ந்து பாட முடியாது, தாமதம் விடாது. இணையம் வலுவில்லாத தோட்டத்துக்குள் படம் உறைந்து நிற்கும். உறைந்த சதுரத்தில் திறந்தபடியே நிற்கும் வாய்தான் முட்டுக்கட்டையின் இலட்சிய மாணவர்.

சுருதிப்பெட்டி போனதுதான் அதிகம் வலிக்கிறது. அதுவும் ஓர் இயந்திரம்தானே? யாருடைய தொண்டையையும் அது பிடிப்பதில்லை. எங்கே விலகினாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடியும் அப்படித்தான். 1723-இல் இத்தாலியப் பாட்டாசிரியர் தோசி மாணவர்களைக் கண்ணாடி முன் நின்று பாடிப் பழகச் சொன்னார். கண்ணாடி வாயைத் தொடாது.

16 அக்டோபர்

பிடிக்கும் கருவி, காட்டும் கருவி. நேற்று எரிச்சலில் எழுதியது.

28 ஜனவரி 2021

தைப்பூசம். காவடி இல்லை, கூட்டம் இல்லை. நாட்டின் பெரும்பகுதியில் மறுபடி நடமாட்டக் கட்டுப்பாடு.

வீட்டுக்குள் அடைபட்டுச் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் இடத்தைப் படித்தேன். திருத்தக்கதேவர் அவள் பாட்டைப் புகழ்வது முழுக்க இல்லாதவற்றைச் சொல்லித்தான்: புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தெரியவில்லை. வாய் திறந்து இவள்தான் பாடினாளா, வீணைக்கு நாக்கு முளைத்ததா என்று கேட்டவர்கள் மயங்கினார்கள். தமிழ் மரபு பாடகரின் வாய்க்கு வைத்த அளவுகோல் இதுதான் என்று சட்டென்று சொல்லிவிட ஆசை. வாயைத் திறந்து வை என்னும் கட்டைக்கு எதிர்ப்பக்கம் ஆயிரம் ஆண்டு பழைய சாட்சி.

ஆனால் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பாடியவள் விஞ்சையர் வேந்தன் மகள், சுயம்வர மண்டபத்தில், வீணையோடு. பெண் பல் தெரியாமல் பாடினால் அழகு என்பதில் பாட்டைவிடப் பார்வை அதிகம். திறந்த வெளியில், ஒலிவாங்கி இல்லாமல், நாடக மேடையிலிருந்து கடைசி வரிசைவரை சொல்லைக் கொண்டுசேர்த்த கே. பி. சுந்தராம்பாளை இந்த அளவுகோலால் அளந்தால் அளவுகோல்தான் உடையும். அவர் பாட்டில் ஒரு மெய்யெழுத்துகூடத் தொலைவதில்லை.

11 பிப்ரவரி

இயற்பியலும் காந்தருவதத்தைக்கு முழுத் துணை வராது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் மேல் ஸட்ஜம் ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். இகரத்துக்கு வாயறை தரும் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300-இலிருந்து 400-க்குள். சுருதி அதைத் தாண்டி மேல் பஞ்சமம் நோக்கி ஏறும்போது, வாய் இகர அளவிலேயே நின்றால் குரல் மெலியும். சுருதி ஏற ஏற ஐரோப்பிய உச்சக்குரல் பாடகிகள் தாடையை அகட்டுவதை யொஹான் சுந்த்பெர்க் 1970-களில் அளந்து காட்டினார். ஒத்ததிர்வைச் சுருதியோடு ஏற்றிக்கொண்டு போகும் உத்தி அது. விலையும் உண்டு: உச்சத்தில் இகரமும் எகரமும் அகரமும் ஒன்றுபோலக் கேட்கும். பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஒலிவாங்கி இல்லாமல் கேட்கவேண்டியவர்கள் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். கூம்பு ஒலிபெருக்கி கட்டிய தோட்டத்துக் கோயில் எதற்காகக் கொடுக்க வேண்டும்? இருந்தாலும் அந்த ஒரு ஸ்வரத்தில் வாய் திறந்தாக வேண்டும். இறங்கியதும் மூடியாக வேண்டும். கட்டைக்கு முதல் பாதிதான் தெரியும்.

13 பிப்ரவரி

முடிந்தது என்று நினைத்தேன்.

4 ஜூன்

முழு அடைப்பு. ஏறக்குறைய நான்கு மாதம் எழுதவில்லை.

உறிஞ்சுகுழலைப் பற்றி இங்கே எங்கும் எழுதவில்லை என்று இன்றுதான் கவனித்தேன். மெல்லிய குழலை உதட்டில் வைத்து அதன் வழியே சுருதி பிடித்து ஊதுவது. பின்லாந்தில் கண்ணாடிக் குழாயை வைத்துக் குரல் சிகிச்சை செய்தார்கள், அமெரிக்காவில் இங்கோ டீட்ஸே இதன் இயக்கத்தை விளக்கினார். வாய்முனையை ஒடுக்கினால் உள்ளே அழுத்தம் எழுந்து குரல்நாண்கள் மோதல் குறைந்து எளிதாக அதிர்கின்றன. இது காட்டும் கருவியா, பிடிக்கும் கருவியா? உதட்டைக் குவித்துப் பிடித்துத்தான் வைக்கிறது, அகரத்துக்கு இடமே தராது. அதே சமயம் தொண்டைக்குத் தன் உழைப்பு எவ்வளவு என்று காட்டவும் செய்கிறது. வாயைத் திறந்து வைக்கும் கட்டை பயன்படாது என்று ஏறக்குறைய ஏழு மாதம் வாதாடிவிட்டு, வாயை ஏறக்குறைய அடைக்கும் குழல் பயன்படுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்டோபர் 16-இல் ஒரே வரியில் போட்ட பிரிவு இதில் பிடிபடவில்லை.

ழகரமும் அதில் அடங்கவில்லை. திருமுறைப் போட்டியில் மதிப்பெண் அதிகம் சிந்துவது ழ, ள, ல மூன்றிலும்தான். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடும் என்கிறது தொல்காப்பியம். அந்த வருடலைக் கட்டை தொடாது, குழல் தொடாது, கண்ணாடியில் தெரியாது, சூம் சதுரத்தில் சுத்தமாகத் தெரியாது. முகக்கவரி போட்டாலும் போடாவிட்டாலும் அது மறைவில்தான் நடக்கிறது. அப்படியானால் மார்ச் 2020-க்கு முன்னால் வாயைப் பார்த்துத் திருத்திய காலத்தில் ழகரத்தை எதைப் பார்த்துத் திருத்தினார்கள்?

6 ஜூன்

கேட்டுத்தான். ஆனால் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டது?