என்ன லென்ஸ், மச்சான்?

வறட்சியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றினால், 1960களின் இறுதியில் தண்ணீருக்கடியில் போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். கேமராவும் கைபேசியுமாக இளைஞர்கள் சேற்றில் இறங்கிவிடுவார்கள். இரவுக்குள் படங்கள் கூட்டாளிகளிடையே சுற்றத் தொடங்கும்.

“ஷார்ப் இல்லையே மச்சான்.”

“என்ன லென்ஸ்? ட்ரைபோட் வச்சியா, கையில எடுத்தியா?”

படத்தைக் காட்டுவதும், கருவியை விசாரிப்பதும், குறை சொல்வதும் எப்போது தொடங்கிய பழக்கம்? அதைத் தேடத் தொடங்கியபோது முதலில் போய் நின்ற இடம் லண்டன். 1853இல் அங்கே புகைப்படச் சங்கம் உருவானது. சில ஆண்டுகளுக்குள் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களிலும் சங்கங்கள் எழுந்தன. 1855இல் லண்டனில் ஆர்வலர் சிலர் படப் பரிமாற்றக் கழகம் ஒன்று நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தம் படத்தின் பிரதிகளை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்த முறையில் எடுத்தது, எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் ஒளி காட்டியது என்ற விவரங்களும் கூடவே போயின.

தேடலின் அடுத்த தடம் திரும்பி நம் மலைக்கே வந்தது. மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் போய், அங்கிருந்து பொகவந்தலாவைப் பாதையில் திரும்பினால் புனித மரியாள் தேவாலயம். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருப்பது அங்கேதான்.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த அவருக்கு, இங்கிலாந்தில் வாழ்ந்தபோது 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். பிழைப்புக்காக ஸ்டூடியோ வைத்தவரல்லர். கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கிக்கொண்ட ஆர்வலர். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். மூச்சு விட்டாலே முகம் கலங்கும்.

1864இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். அவர் காட்சிக்கு வைத்த படங்களைச் சங்கத்தின் இதழே கடிந்துகொண்டது: தெளிவில்லை, கறை, கவனக்குறைவு. கேமரன் அசரவில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திவிடுவேன், அதற்குமேல் கூர்மை தேடுவதில்லை என்று எழுதிவைத்தார். கவிஞர் டென்னிசனும் விஞ்ஞானிகள் டார்வினும் ஹெர்ஷலும் அவர் கேமரா முன் உட்கார்ந்தவர்கள். அன்று பழிக்கப்பட்ட அந்தக் கலங்கல்தான் இன்று அவருடைய கையெழுத்தாக மதிக்கப்படுகிறது.

கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இங்கே குடிவந்தார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கெயர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை சொற்பம். களுத்துறையில் 1878இல் எடுத்த ஒரு படத்தில் மூன்று பேர். கீழே குறிப்பு எழுதியிருக்கிறார்: பெண்ணுக்கு 12 வயது, முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். தலைப்பிலோ ‘களுத்துறை விவசாயிகள்’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் அவருக்குப் படமாக நின்ற வேலைக்காரப் பெண்கள் மேரி ஹில்லியர், மேரி ரயன் ஆகியோரின் பெயர்கள் கலை வரலாற்றில் நிற்கின்றன. களுத்துறைச் சிறுமியின் பெயரை இனி யாரும் மீட்க முடியாது.

கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் அப்படித்தான் உலகம் சுற்றியது. முகம் உண்டு, பெயர் இல்லை. இன்று கேமராவைப் பிடிப்பது லயத்துப் பிள்ளைகள். லென்ஸை விசாரித்த கையோடு, “இது எந்தத் தோட்டம், யாரு இந்த அம்மா?” என்றும் ஒருவன் கேட்கிறான். படமெடுத்தவனுக்கு விடை தெரிகிறது. அவன் பக்கத்து லயத்துக்காரன். அந்த விடையை அரட்டையோடு போகவிடாமல் படத்தோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்: பெயர், தோட்டம், டிவிஷன், தேதி. லென்ஸ் விவரம் அதற்குக் கீழே வரட்டும்.