தேவகியின் தூக்கம்

நம் தாலாட்டுகளில், அழுகிற குழந்தையை யார் அடித்தார் என்று ஒரு விசாரணை நடக்கும். மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, பாட்டி அடித்தாளா என்று உறவுமுறை வரிசையில் ஒவ்வொருவரையாகக் கூண்டில் ஏற்றுவார்கள். ஆயுதம் என்னவென்றும் சொல்லப்படும், பெரும்பாலும் பூச்செண்டுதான். எனக்குத் தெரிந்த தாலாட்டுகள் அத்தனையையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்தப் பட்டியலில் அப்பா இல்லை. மரியாதைக்காக விட்டிருப்பார்கள் என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிப்பதற்காவது ஆள் எழுந்து வர வேண்டாமா?

இப்படிச் சொன்னால் இந்தக் காலத்து அப்பாக்களுக்கு ரோஷம் வந்துவிடும். நாங்கள் டயப்பர் மாற்றுவதில்லையா, குளிப்பாட்டுவதில்லையா என்பார்கள். செய்கிறார்கள், மறுப்பதற்கில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு, விருந்தாளிகள் இருக்கும்போது. நான் பேசுவது ராத்திரி இரண்டே முக்காலைப் பற்றி. அந்த நேரத்தில் ஆண்களுக்கு வாய்க்கிற தூக்கம் விசேஷமானது. பக்கத்தில் குழந்தை வீறிட்டுக் கத்தினாலும் கலையாது. தலைமாட்டில் செல்போன் ஒருமுறை சிணுங்கினால் உடனே கலையும்.

என் பெரியவன் ஒருவழியாக விடிய விடியத் தூங்கப் பழகிக்கொண்டிருந்தபோது சின்னவள் பிறந்தாள். அவளுடைய அழுகையில் இவன் எழுவான், இவனுடைய சிணுங்கலில் அவள் எழுவாள். இருவரும் சேர்ந்தாற்போல் தூங்குகிற நேரத்தில் எனக்குத் தூக்கம் வராது. யார் முதலில் எழுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். பகலில் குழந்தை தூங்கும்போதே நீயும் தூங்கிக்கொள் என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். குழந்தை தூங்கும்போதே துவைத்துக்கொள், சமைத்துக்கொள், பெரியவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்பவர்களும் அவர்களேதான்.

தோளில் தூங்கிப்போன குழந்தையைப் படுக்கையில் இறக்குவது பெரிய வித்தை. முதலில் மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு அதன் கையை லேசாகத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். துவண்டு விழுந்தால் நிஜத் தூக்கம், பாதி வழியில் நின்றால் நடிப்பு. வளைகாப்பு வளையல்களை அதற்கு முன்பே முழங்கைப் பக்கம் ஏற்றி, நழுவாமல் ரப்பர் பேண்டு போட்டாகிவிட்டது. இப்போது, வீதியுலா முடிந்து சாமி பல்லக்கை இறக்குகிறவர்கள் மாதிரி, முட்டியை மடக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போக வேண்டும். குழந்தையின் புட்டம் முதலில், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. நம் மார்பும் கூடவே இறங்கி, அதன் மேல் கவிழ்ந்தபடி சிறிது நேரம் நிற்க வேண்டும். கழுத்துக்குக் கீழே மாட்டிக்கொண்ட கையை விரல் விரலாக உருவ வேண்டும். சுண்டுவிரல்வரை வெளியே வந்துவிட்டது என்று நிமிரும்போது நம் முட்டி ‘மளுக்’கென்று ஒரு சத்தம் போடும். குழந்தை, மாடியிலிருந்து விழுவதுபோல இரண்டு கையையும் விரித்து, ஒரு கணம் திகைத்து, பிறகு ஆரம்பிக்கும்.

அந்தக் கைவிரிப்புக்கு மோரோ அனிச்சை என்று பெயர். எர்ன்ஸ்ட் மோரோ என்கிற குழந்தை மருத்துவர் 1918இல் அதை விவரித்து எழுதினார். அதற்கு முன்பே தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயர்கள் அச்சில் ஏறக்கூடியவை அல்ல. 2022இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த குமி குரோடா என்பவர் தலைமையில் ஒரு குழு, 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்துகொண்டே அவர்களைத் தூக்கியும் நடந்தும் படுக்கவைத்தும் பார்த்தது. அழுகிற குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கியதும் கீழே விடாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம்தான் படுக்கை. இது அவர்கள் சொன்ன வழி. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விவரம். குழந்தை விழித்துக்கொள்வதற்குக் காரணம் முதுகில் மெத்தை படுவது அல்லவாம். அதன் வயிறு அம்மாவின் உடம்பைவிட்டுப் பிரியத் தொடங்கும்போதே இதயத் துடிப்பு மாறிவிடுகிறதாம். நான் மெத்தையை வெந்நீர்ப் பையால் சூடாக்கி, போர்வையை மாற்றி, தலையணையை மாற்றி என்று தவறான குற்றவாளியை விசாரித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு வெளியான வருஷம் என் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு எழுப்பினாலும் எழாத வயதுக்கு வந்துவிட்டார்கள்.

என் அம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவைப்பட்டிருக்காது. நைந்த நூல்புடவை ஒன்றில் தூளி கட்டினால் முடிந்தது. குழந்தையின் வயிறு பிரிந்தாலும் புடவை வாசம் பிரியாது. தூளிக்கு விட்டம் வேண்டும், இல்லையென்றால் கொக்கியாவது வேண்டும். நகரத்து வாடகை வீட்டில் அதைத் தேடிப் பாருங்கள். தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டால் பதில் சொல்லும் வீட்டுக்காரர், கூரையில் கொக்கி இருக்கிறதா என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார். தூக்குப் போட்டுக்கொள்ள இடம் தேடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் ஒரு சித்தப்பா மோட்டார் வைத்துத் தானே ஆடும் தொட்டில் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து இறக்கினார். மின்சாரம் போனால் அது நிற்கும். நின்ற நிமிஷமே சின்னவள் எழுவாள்.

மாமியார் அத்தை, கிரைப் வாட்டர் கட்சி. ஒரு ஸ்பூன் உள்ளே போனால் அவர் பெற்ற பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்களாம். இருக்கலாம். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்கிற மருந்தாளர் கலந்த ஆதி மருந்தில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. இதை அத்தையிடம் சொன்னேன். “அதனால என்னடிம்மா, உன் வீட்டுக்காரன் நல்லாத்தானே வளர்ந்திருக்கான்” என்றார். ராத்திரி இரண்டே முக்காலுக்கு என் கணவருக்கு வருகிற தூக்கத்தை நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் பாட்டியின் பழைய நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைப் பிரித்தேன். பக்தியால் அல்ல, ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் படிக்க, சின்னச் சின்னதாக முடிகிற ஏதாவது தேவைப்பட்டது. பெரியாழ்வார் திருமொழி ஒரு குழந்தை பிறந்த கொண்டாட்டத்தோடு ஆரம்பிக்கிறது. ஆயர்கள் எண்ணெயையும் வாசனைப் பொடியையும் ஒருவர் மேல் ஒருவர் வாரி இறைத்ததில் முற்றமெல்லாம் சேறாகிறது. ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஆடுகிறார்கள். அதே பதிகத்தின் ஒன்பதாவது பாட்டுக்கு வந்தால் கூட்டத்தைக் காணோம். யசோதை மட்டும் இருக்கிறாள். தொட்டிலில் விட்டால் அது கிழிகிற மாதிரி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்துக்கொண்டால் வயிற்றில் மிதிக்கிறான், தாங்க எனக்குத் தெம்பில்லை, இளைத்துப்போனேன் என்று இன்னொரு பெண்ணிடம் சொல்லி அழுகிறாள். ஊர் வந்து கும்மாளம் போட்டுவிட்டுப் போகும், மிச்சமிருக்கிறவள் அம்மா என்பது ஒரே பதிகத்துக்குள் வந்துவிட்டது.

பின்னால் வருகிற தாலாட்டுப் பதிகத்தில் பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான். மற்ற தேவர்களும் ஆளுக்கொரு நகையோ பொருளோ அனுப்பிவைக்கிறார்கள். ஒருவரும் நேரில் வந்து ஒரு மணி நேரம் ஆட்டிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. சித்தப்பாவின் மோட்டார் தொட்டில் எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் போட்டுப் பெருமாளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, தூக்கும்போது இடுப்பு ஒடியும் என்பது எப்படித் தெரிந்தது? துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண் குழந்தையை ஆண்டாளாக வளர்த்தவர் அவர் என்பார்கள். அந்தக் குழந்தை நடு ராத்திரியில் அழுதபோது எழுந்தது யார் என்று நான் கேட்ட கதைகளில் யாரும் சொன்னதில்லை. அந்த ஒன்பதாம் பாட்டைச் சாட்சியாக வைத்து, பெரியாழ்வாரே எழுந்தார் என்று தீர்ப்பு எழுத எனக்கு ஆசை.

கண்ணன் பிறந்த கதையே, யோசித்துப் பார்த்தால், யார் தூங்கினார்கள் யார் விழித்திருந்தார்கள் என்கிற கதைதான். மதுராவில் காவலாளிகள் தூங்குகிறார்கள். கோகுலத்தில் யசோதை, பிரசவக் களைப்பும் மாயையும் சேர்ந்து, பிறந்தது ஆணா பெண்ணா என்று தெரியாமல் தூங்குகிறாள். பிள்ளை பெற்றவளைத் தூங்கவைக்க அவதாரக் கதையில்கூட மாயை தேவைப்பட்டிருக்கிறது. அதுதான் அவளுக்குக் கடைசி முழுத் தூக்கமாக இருந்திருக்கும். விழித்திருந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க நடந்தவர் ஒருவர்தான், வசுதேவர். மழை, யமுனை வெள்ளம், தலைக்கு மேல் பாம்பு. எதற்கும் குழந்தை அழுததாகக் கதையில் இல்லை. குமி குரோடா கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். நடந்துகொண்டே இருந்தால் அழாது. கோகுலத்திலிருந்து பெண் குழந்தையை எடுத்துவந்து தேவகியின் பக்கத்தில் படுக்கவைக்கிறார். அப்புறம் அது அழுகிறது, காவலாளிகள் எழுந்துகொள்கிறார்கள். மடியில் இன்னும் எட்டு நிமிடம் வைத்திருந்திருக்கலாம்.

தேவகியைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. குலசேகர ஆழ்வார் யோசித்திருக்கிறார். சேர நாட்டு அரசர். பெருமாள் திருமொழியில் ஏழாவது பதிகம் முழுக்கத் தேவகியின் புலம்பல். எட்டு முறை கருவுற்றவள். ஆறு பேரைக் கம்சன் கொன்றான். ஏழாவது கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாறியது. எட்டாவது பிறந்த ராத்திரியே ஆறு தாண்டிப் போய்விட்டது. எட்டுக் கர்ப்பம், ஒரு தாலாட்டுகூட இல்லை. பின்னாளில் அவள், யசோதைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். தாலாட்டுப் பாடியது, குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டது, முத்தம் கொடுத்தது, வெண்ணெய் அளைந்தது. உன் அப்பா யார் என்று கேட்டால் விரலாலும் கடைக்கண்ணாலும் அவன் காட்டியது நந்தகோபனைத்தான், வசுதேவருக்கு அது வாய்க்கவில்லை என்று கணவனுக்காகவும் சேர்த்து வருந்துகிறாள். தாலாட்டு விசாரணையில் பேரே வராத அப்பாக்களுக்கு நடுவில், ராத்திரி முழுக்க நடந்த ஒரே அப்பாவுக்கு இந்தக் கதி.

அந்தப் பதிகத்தை முதலில் படித்தபோது சின்னவள் என் மடியில் கண்ணை உருட்டிக்கொண்டு விழித்திருந்தாள். எனக்குப் பொறாமைதான் வந்தது. யாரும் எழுப்பாத ராத்திரிகள் தேவகிக்கு எத்தனை! முதல் பாட்டைத் தாண்டி அந்தப் பொறாமை நிற்கவில்லை. எழுப்ப ஆளில்லாமல் தூங்கி எழுந்த ஒருத்தி, தாய்களிலேயே கடைசித் தாய் நான்தான் என்கிறாள். குலசேகரர் அடுத்த பதிகத்திலேயே ராமனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார். பாட முடியாதவளின் பாட்டும் பாடுகிறவளின் பாட்டும் அடுத்தடுத்து. தெரிந்துதான் வைத்தாரா, அப்படி அமைந்துவிட்டதா என்று எனக்கு இன்னும் குழப்பம்.

உடனே, பார்த்தாயா, இந்த நாட்கள் திரும்ப வராது, அனுபவித்துக்கொள் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். திரும்ப வராது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல். தேவகி சொன்னால் கேட்டுக்கொள்வேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பல் தேய்த்து, காபி டம்ளரோடு வந்து உட்காருகிற பெரியப்பா சொன்னால் கேட்க முடியாது.

போன மாசம் அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து நடு ராத்திரி கூப்பிட்டாள். இரண்டு மாசக் குழந்தை, பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் ஆட்டம். “எப்பதான் சித்தி சரியாகும்?” பகல் இரவு அறிகிற கடிகாரம் பிறந்த குழந்தைக்கு இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது, மூன்று மாசம் ஆகட்டும், ராத்திரிப் பாலிலேயே தூக்கத்துக்கான மெலடோனின் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் சொன்னேன். ஜப்பான் கணக்கையும் சொன்னேன். “யாரு சித்தி நிமிஷம் எண்றது” என்றாள். பேச்சு யசோதைக்குப் போனது. அந்த ஒன்பதாம் பாட்டின் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அவ யார்கிட்ட சொல்றா, பக்கத்து வீட்டுக்காரிகிட்டயா?”

“அப்படித்தான் இருக்கும்.”

“அவ என்ன பதில் சொன்னாளாம்?”

பாட்டில் பதில் இல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நானா இருந்தா, குடு இப்படி, நீ போய்ப் படுன்னு வாங்கிட்டிருப்பேன் சித்தி” என்றாள்.

இதற்கு மேல் வெளிப்படையாக ஒருத்தி கூப்பிட முடியாது. விடிந்ததும் கோயம்புத்தூருக்கு ரயில் பார்த்தேன். எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். பத்து மணிக்குத் தட்கல் திறக்கும், எனக்குக் கை வராது என்று கணவரிடம் போனைக் கொடுத்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவர் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டு பெர்த்துதான் கிடைத்தது.