திண்டுக்கல்: பெயர் நிலைத்தது, கை நிலைக்குமா?

திண்டு போலக் கிடக்கும் பாறைதான் இந்த ஊருக்குப் பெயர் தந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட கோட்டை அதன் தலையில் நிற்கிறது. ஆனால் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது பூட்டு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். இருந்தாலும் அந்தக் குறியீடு பெயரைப் பிறர் திருடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. அரம் பிடிக்க அடுத்த ஆளைக் கொண்டுவந்து பட்டறையில் உட்கார வைக்காது. இந்தத் தொழிலின் சொத்து முழுக்கக் கையில் இருக்கிறது. மாங்காய்ப் பூட்டின் வயிற்றுக்குள் லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பற்கள் எல்லா லீவர்களையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அதற்காகப் பல்லை அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, எடுத்து மறுபடியும் ராவுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பது விரலுக்குத்தான் தெரியும். மணிப்பூட்டில் சாவி திரும்பும்போது மணியும் அடிக்க வேண்டும்.

அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வரும்போது இந்தக் கைவேலை எதற்கு என்று கேட்பார்கள். வீட்டு அலமாரிக்கு அது போதும், மறுக்கவில்லை. கோயில் கதவுக்கும் கிட்டங்கிக்கும் வேண்டியது வேறு: கனமான உடல், அந்தப் பூட்டுக்கென்றே ராவிய சாவி, கெட்டால் பிரித்துச் சரிசெய்யும் வசதி. இன்னொரு கேள்வி இதைவிட வலுவானது: பாரம்பரியம் என்று சொல்லி ஆசாரி வீட்டுப் பிள்ளையைக் குறைந்த கூலிக்குக் கட்டிப்போடலாமா? கூடாது. மரபை விற்காமலே காப்பவர்களும் உண்டு. ஹவாயில் ஹனபேபே உப்புப் பாத்திகளைக் காத்துவரும் குடும்பங்கள் அந்த உப்பை விற்பதில்லை. பிறருக்குக் கொடுக்கிறார்கள், பண்டமாற்றுச் செய்கிறார்கள். அந்த வழி நமக்கு ஒத்துவராது. அவர்களுக்கு உப்பு மரபு. பூட்டுக்காரருக்கோ பூட்டுதான் சோறு. ஆகவே இங்கே மரபைக் காப்பது என்றால் முதலில் கூலியைக் காப்பதுதான். அருங்காட்சியகத்தில் நான்கு பூட்டுகளை வைத்தால் வடிவம் மிஞ்சும். பல் ராவும் கணக்கு மிஞ்சாது. ஐ.டி.ஐ.யில் இதற்கு ஒரு வகுப்பு, பழகும் காலத்தில் உதவித்தொகை, நிச்சயமான ஆர்டர் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பையன்கள் வருவார்கள்.

அறநிலையத் துறையும் அரசு அலுவலகங்களும் பூட்டு வாங்காமல் இருக்கப்போவதில்லை. அடுத்த முறை வாங்கும்போது அந்த ஆர்டரைத் திண்டுக்கல் பட்டறைகளுக்குக் கொடுங்கள், கைவேலைக்கு உரிய விலையில்.