பால் வற்றிய பிறகு

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப சேவையின்போது அரங்கன் சன்னதியில் யானையும் பசுவும் நிற்கும். பசுவைப் பின்பக்கம் காட்டித்தான் நிறுத்துவார்கள். லட்சுமி அங்கே வாசம் செய்கிறாள் என்பது நம்பிக்கை. இதே ஊர் மிருதங்கத்தையும் கொண்டாடுகிறது. அதன் வலப்பக்க முகமான வலந்தலையில் இருப்பது பசுத்தோல். பாடகர் டி.எம்.கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ நூல் 2020-இல் வந்தபோது, மிருதங்கம் செய்பவர்கள் கன்று ஈன்ற பசுவின் தோலைத் தேடி எடுப்பதை அதில் படித்தேன். கன்று ஈன்ற பசு என்றால் யாருக்கோ பால் கொடுத்த பசு. அது எங்கிருந்து போனது?

தோலுக்கு முன்னால் கறி, கறிக்கு முன்னால் சந்தை. அதனால் மணப்பாறைக்குப் போனேன்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடிகிறது. நாலைந்து ஈத்து கறந்து, பிறகு சினை நிற்காத மாட்டுக்கும் தீவனச் செலவு குறைவதில்லை. கலப்பினக் காளைக்கன்றுக்கோ திமிலும் இல்லை, டிராக்டர் வந்தபின் ஏரில் வேலையும் இல்லை. விற்பவர் ‘எங்கே போகிறது’ என்று கேட்பதில்லை, தரகரும் சொல்வதில்லை. அடிமாடு என்று பெயர் மாறிவிட்டால் அதற்குத் தண்ணீர் காட்டக்கூட ஆளில்லை. கடன் வாங்கிக் கறவை வைத்திருப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாலைக் குடித்தவர்கள் நாம்.

தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று வெட்டலாம். 1976-இல் வந்த அரசாணை இறைச்சிக்கூடங்களில் பசுவையும் கிடேரியையும் வெட்டக் கூடாது என்றது. அந்த ஆணை பசுவின் சாவை நிறுத்தவில்லை. சாவுக்குப் போகும் வழியை நீட்டிவிட்டது. அப்படியொரு தடை இல்லாத கேரளத்துக்கு, பொள்ளாச்சிச் சந்தை வழியாக மாடுகள் போகின்றன. மணப்பாறையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 2017 மே மாதம் சந்தைகளில் கறிக்கு மாடு விற்பதையே மத்திய அரசு விதி போட்டுத் தடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது.

அந்த 200 கிலோமீட்டருக்கும் விதி இருக்கிறது. 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. வழுக்காமலிருக்கத் தரையில் தென்னைநார்ப் பாயோ பலகையோ போட வேண்டும். கூடவே ஓர் ஆள் போக வேண்டும். மிரளாமலிருக்க முடிந்தவரை இன்ஜினைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். மாட்டின் பயத்தைக்கூட யோசித்து எழுதியிருக்கிறார்கள்! 2001 இறைச்சிக்கூட விதிகள் ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது, சினைமாட்டை வெட்டவே கூடாது என்கின்றன. ஆனால் திண்டுக்கல் சாலையில் நான் பார்த்த லாரிகளில் மாடுகள் மூக்கணாங்கயிறு இறுகக் கட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பாயும் இல்லை, பலகையும் இல்லை.

கோசாலைக்கு ஒரு பசுவைத் தானம் கொடுப்பது நல்ல காரியம்தான். சந்தைக்கு வருகிற அத்தனையையும் கோசாலைகள் தாங்காது. பால் வற்றிய மாட்டை அருகிலேயே, மருத்துவர் பார்வையில், வலி குறைத்து முடிப்பதா, இப்படித் தவிக்கவிட்டுத் தூரம் அனுப்புவதா என்று அரசு வெளிப்படையாகப் பேச வேண்டும். முதலாவதுதான் கருணை என்பது என் முடிவு.

அதுவரை, ஆறுக்கு மேல் மாடு ஏற்றிய லாரியைக் கண்டால் 100-க்குச் சொல்லுங்கள். வண்டியை நீங்களே மறிக்காதீர்கள்; ஓட்டுநர்மேல் கை வைக்காதீர்கள்.