பத்து லிட்டர் வெந்நீர்



மகள் குடும்பத்தோடு நியூசிலாந்தில் நாலு நாள் கேரவன் வண்டியில் சுற்றினோம். வெந்நீர்த் தொட்டி 10 லிட்டர்தான். ஆள் ஐந்து பேர். முதல்நாள் நான் ஆத்தங்குடி வீட்டு நினைப்பில் ஷவரைத் திறந்துவிட்டபடியே சோப்புப் போட்டேன். எனக்குப் பின் போன மருமகனுக்குப் பச்சைத்தண்ணீர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் வாத்தியார் புத்தி விடவில்லை. 60 டிகிரி வெந்நீர் 10 லிட்டர், 20 டிகிரி தண்ணீர் 10 லிட்டர். விளாவினால் 40 டிகிரியில் 20 லிட்டர். ஆளுக்கு நாலு. உடம்பை நனைத்ததும் குழாயை மூடு, சோப்புப் போட்டு முடித்தபின் திற. பேரன்கூடச் சரியாகச் செய்தான்.

சின்ன வயதில், மார்கழியில் எங்கள் வீட்டிலும் ஒரே அண்டா வெந்நீர்தான், எட்டுப் பேருக்கு. ஆத்தா குளிப்பது கடைசியில். வெந்நீர் மிச்சம் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.