மசூர் நிலையத்து மாட்டுவண்டி

போன மாதம் ஒரு இளம் தோழர் என் அறைக்கு வந்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து நான் இழுத்த பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நான்கடிக்கு இரண்டடி பிளைவுட். அதன்மேல் ஒரு குட்டி ரயில் நிலையம், தண்டவாளம், நிலைய வாசலில் ஒரு மாட்டுவண்டி. “நமக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்காக்கா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான் தோழர்களே. பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பொம்மை வண்டி எதுவும் கிடையாது. வேலைக்கு வந்த பிறகுதான் வாங்கத் தொடங்கினேன். ஹாட் வீல்ஸ் கார்கள் ஏறக்குறைய 1:64 அளவு. என் ரயில் எச்.ஓ. அளவு, அதாவது 1:87. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கார் ரயில் பெட்டியை மிரட்டும். அதனால் 1:87 வண்டிகளைப் பழைய விலைக்குத் தேடி வாங்குவேன். பெரும்பாலும் ஐரோப்பிய லாரிகள். பெயின்ட்டை நீக்கி, பின்பக்கத்தைக் கழற்றி, ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிப் பலகை அடித்து, நம்மூர் லாரி ஆக்குவேன். கடைசியில் எழுத்து. இரண்டு மில்லிமீட்டர் உயரத் தமிழ் எழுத்தை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டினால்தான் அது எந்த ஊர் வண்டி என்று தெரியும்.

வண்டியில் எழுதும் பெயர் சாதாரண விஷயம் இல்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென் மாவட்டங்களில் கலவரம் நடந்தது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. அதே டீசல், அதே சீட்டு, அதே கட்டணம். பெயர் மட்டும்தான் தீட்டு. அந்தப் பேருந்து ஒன்றைப் பெயரோடு செய்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இனி மாட்டுவண்டிக்கு வருகிறேன். பாபாசாகேப் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ உங்களில் பலர் படித்ததுதான். 1901. ஒன்பது வயது பீமராவ், சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க அண்ணனோடு ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்துப் பரிவோடு விசாரித்த நிலைய அதிகாரி, மஹர் என்று கேட்டதும் முகம் மாறி உள்ளே போய்விடுகிறார். வெளியே வண்டிகள் நிற்கின்றன. கூலி தருகிறோம் என்றும் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். கூலி இரண்டு மடங்கு. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார்.

ரயிலில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலையங்களில் தண்ணீரைக்கூட இந்து, முஸ்லிம் என்று பிரித்து ஊற்றிய காலம் அது. ஆனாலும் சீட்டு வாங்கியவரை ரயில் ஏற்றிக்கொண்டது. நிலைய வாசலைத் தாண்டியதும் வண்டி ஒருவரின் சொத்து, பாதை ஊரின் பாதை. சமூகவியல் வகுப்பில் பொதுவெளி பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். எனக்கு அது விளங்கியது இந்த வாசலை அளந்து கட்டியபோதுதான்.

வண்டி செய்ய மூன்று மாதம் ஆனது. ஐந்தடிச் சக்கரம் 1:87இல் பதினேழரை மில்லிமீட்டர். அட்டையை வட்டமாக வெட்டி, துடைப்பக் குச்சியைச் சீவி ஆரக்கால் வைத்தேன். தீக்குச்சியில் நுகத்தடி. கிடைத்த மாட்டுப் பொம்மைகள் ஐரோப்பிய மாடுகள், திமில் கிடையாது. எம்-சீல் உருட்டித் திமில் வைத்து, செம்புக் கம்பியில் கொம்பு வளைத்தேன். கயிற்றைப் பிடித்திருக்கும் பையன் பதினான்கு மில்லிமீட்டர் உயரம்.

எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினேன். வண்டிக்காரரை மட்டும் ஒட்ட முடியவில்லை. காரணம், கதையில் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருட்டிய பிறகு அவர் திடீரென்று தாவி வண்டியில் ஏறி, பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்கிறார். பிள்ளைகளுக்கு ஆச்சரியம், ஆனால் கேட்கப் பயம்.

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்தப் பலகையைக் காட்டினேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “வண்டி அவருதுதானே, அப்புறம் ஏன்க்கா நடந்து வர்றாரு?” என்றாள். கதையைச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்காரரை எடுத்து உள்ளே வைத்தேன். “இப்ப மட்டும் தீட்டு எங்க போச்சு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளேதான் சொன்னாள்: “இருட்டுல யாரும் பாக்க மாட்டாங்கல்ல.”

அவளே தொடர்ந்து, அவள் ஊரில் பகலில் பேசாத ஒருவர் இரவில் வீட்டு வாசலுக்கு வந்து அவள் அப்பாவிடம் கடன் கேட்டதைச் சொன்னாள். இன்னொரு பையன் பள்ளி வேனில் தன் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதைச் சொன்னான். ஆறு மாதமாக நான் கேட்டும் வாய் திறக்காதவன் அவன். இப்போது அந்தப் பள்ளியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.

நேரம் இருக்கிறதா என்று கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில். கூட்டம் போடுங்கள், மனு எழுதுங்கள், சட்டம் படியுங்கள். அதோடு, பிள்ளைகள் கையால் தொட்டு நகர்த்திப் பார்க்க ஏதாவது ஒன்றையும் செய்து வையுங்கள். என் வண்டிக்காரரை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டப்போவதும் இல்லை.

ஜெய் பீம்.